தமிழில் பேசினால் நாற்காலி அடுக்க வேண்டும்

ஒரு வேலையைச் செய்யவில்லை என்பதை இங்கிலீஷில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பேன். அதுதான் என் பிழைப்பு. கண்ணாடிக்கடை மாடியில், சாயங்கால நேரத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் ஒன்று, வணக்கம் சொல்வது. பாடம் ஒன்பது, வேலை தள்ளிப்போனால் சொல்வது. எட்டுப் பாடத்துக்கும் கொட்டாவி விட்டவர்கள் ஒன்பதாவதுக்கு நிமிர்ந்து உட்காருவார்கள்.

தமிழில் நமக்கு ஒரே வார்த்தை போதும். 'பார்க்கலாம்' என்றால் தீர்ந்தது. அது நடக்காது என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். 'இட்ஸ் ஆன் மை ரேடார்' என்பான். கண்ணில் பட்டிருக்கிறது, கை இன்னும் படவில்லை என்று அர்த்தம். 'பேக் பர்னர்' என்றால் பின் அடுப்பில் வைத்திருக்கிறான், அந்த அடுப்பைப் பற்ற வைத்தானா என்று நாம் கேட்கக்கூடாது. 'ஐ டோன்ட் ஹேவ் த பேண்ட்வித்' என்றால் நேரமில்லை. 'லெட் மீ சர்க்கிள் பேக்' என்றால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன், எப்போது என்று கேட்காதே. 'இட் ஃபெல் த்ரூ த கிராக்ஸ்' என்றால் சுத்தமாக மறந்துவிட்டேன், ஆனால் தப்பு என்னுடையது இல்லை, தரையில் இருந்த விரிசலுடையது.

"மறந்துட்டேன்னு சொல்லிட்டா என்ன மேடம்?" என்று கேட்டார் கூரியர்.

"நாற்காலி" என்றேன்.

என் வகுப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. வேலை பார்க்கும் இடம்தான் பெயர். கூரியர், இன்சூரன்ஸ், பேக்கரி, இப்படி. இன்னொரு சட்டமும் உண்டு. வகுப்பில் தமிழில் வாய் திறந்தவர், முடிந்ததும் எல்லா நாற்காலியையும் சுவரோரம் அடுக்கிவிட்டுத்தான் போகவேண்டும். காலையில் அதே ஹாலில் உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. இந்தச் சட்டம் வந்ததிலிருந்து நான் ஒரு நாற்காலியைக்கூடத் தொட்டதில்லை.

இந்த வருடம் என் வகுப்பில் 'லிஃப்ட்' என்று ஒருவர் சேர்ந்தார். அவர் என் வீட்டுக்காரர்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி ஆயுசை லிஃப்ட் குழிக்குள்ளேயே கழித்தவரை இப்போது சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். ஸ்பேனரைப் பிடித்த கையால் ஈமெயில் அடிக்கவேண்டியதாயிற்று. கட்டிடச் சொந்தக்காரர் ஒருவருக்கு இவர் எழுதிய முதல் கடிதம் எனக்கு மனப்பாடம். 'லிஃப்ட் நாட் ரெடி. பார்ட் நாட் கம். வெயிட்.' அந்த மனிதர் பயந்துபோய், உங்கள் ஆள் என்னை மிரட்டுகிறாரா என்று தலைமை ஆபீசுக்குப் புகார் செய்தார். போய் மரியாதையாக இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வா என்று இவரை அனுப்பிவிட்டார்கள்.

"வீட்டிலேயே சொல்லித்தரேனே" என்றேன்.

"வீட்டுல சொல்லிக்குடுத்தா சண்டை வரும். கிளாஸ்ல சொல்லிக்குடுத்தா மரியாதை வரும்" என்றார். சொன்னபடியே நோட்டும் பேனாவுமாக வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, "குட் ஈவினிங் மேடம்" என்றார். சிரிப்பை அடக்க நான் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல மனுஷன். அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இவர் சேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லவேண்டுமானால் என் வயிற்றைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் மேல் ஏறித் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி பிடித்தது பாருங்கள், இறங்கத் தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர்தான் இடுப்பைப் பிடித்து இறக்கினார். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல்.

"இப்ப எடுத்தா சின்ன வேலை. அது நழுவிப்போய் குழாய்ல அடைச்சா மஞ்சள்காமாலை, காய்ச்சல், உயிருக்கே ஆபத்து. தள்ளிப்போடாதீங்க" என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள்.

தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதைத் தொழிலாகச் சொல்லிக்கொடுக்கிறவளிடம் வேறென்ன எதிர்பார்த்தார்கள்?

எனக்குக் கத்திக்குப் பயமில்லை. மயக்க மருந்துக்குப் பயம். மூஞ்சியில் ஒரு மூடியை வைத்து எண்ணச் சொல்வார்களாம், பத்து வருவதற்குள் ஆள் காலியாம். நான் தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். என்னைச் சுவிட்ச் தட்டி அணைப்பதா? அணைத்தவன் மறுபடி போட மறந்துவிட்டால்? 'இட் ஃபெல் த்ரூ த கிராக்ஸ்' என்று எனக்கே வந்து சொல்வானா? இதை இவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. என் பயத்தையும் அவர் தலையில் ஏற்ற மனசு வரவில்லை.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், இங்கிலீஷில். தமிழில் பேசியிருந்தால் அழுதிருப்பேன். இங்கிலீஷ் பேசும்போது என் குரலுக்கே கோட்டும் சூட்டும் வந்துவிடும். இந்த மாதம் எனக்கு பேண்ட்வித் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாமா என்றேன். அந்தப் பக்கம் பேசிய பெண் திணறிப்போய் "ஓகே மேடம், ஓகே மேடம்" என்று வைத்துவிட்டாள்.

இவரிடம், ஆஸ்பத்திரியிலிருந்து தேதியை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னேன். முதல் பொய் புதுச் செருப்பு மாதிரி கடிக்கும், அப்புறம் பழகிவிடும். இவர் ஆஸ்பத்திரியைத் திட்டித் தீர்த்தார்.

"இங்கிலீஷ் மட்டும் வரட்டும். நேரா போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்" என்றார். அதுதான் அந்த இன்னொரு காரணம்.

என் அக்கா மட்டும் நம்பவில்லை. "ஆஸ்பத்திரிக்காரன் எவனாவது வர ஆபரேஷனை வேண்டாம்பானா? உன் நாக்கைத்தான்டி முதல்ல ஆபரேஷன் பண்ணணும்" என்றாள் போனில். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு நான்கு மாதம் ஓடியது. அப்போதுதான் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். வெடவெடவென்று ஒல்லியாக, பெரிய பையும் சின்னக் குரலுமாக இருந்தாள்.

"எங்கே வேலை?" என்று வழக்கப்படி இங்கிலீஷில் கேட்டேன்.

ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள். என் ஆஸ்பத்திரி. அப்பாயின்ட்மென்ட் டெஸ்க்காம். ஏன் இங்கிலீஷ் படிக்க வந்தாய் என்று கேட்டதற்கு, இருக்கிற இங்கிலீஷையெல்லாம் கூட்டிப் பெருக்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். ஒரு பேஷன்ட் அம்மா போன் செய்கிறார்களாம். பெரிய இங்கிலீஷாம். ஒவ்வொரு முறையும் ஆபரேஷன் தேதியைத் தள்ளிவிடுகிறார்களாம். பதில் பேசத் தெரியாமல் சரி சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம் டாக்டரிடம் திட்டு வாங்குகிறாளாம். "ஐ வான்ட் டு ஆன்சர் தட் லேடி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். முதல் வரிசையில் ஆஸ்பத்திரியைக் கேள்வி கேட்க வந்த புருஷன். அவர் பக்கத்து நாற்காலியில் எனக்குப் பதில் சொல்ல வந்த ஆஸ்பத்திரி. நடுவில் சாக்பீசும் கையுமாக நான்.

தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொடுத்து அவளை அனுப்பியிருக்கலாம். ஆனால் தெரிந்தே தப்பாகச் சொல்லிக்கொடுக்க வாய் வரமாட்டேன் என்கிறது. அவளுக்காகவே ஒரு வகுப்பு எடுத்தேன். ஒருவர் வேலையைத் தள்ளிப்போடப் பார்த்தால் எப்படி விடாமல் பிடிப்பது. 'உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் இது காத்திருக்காது' என்று ஆரம்பி. காரணம் கேட்காதே, தேதி கேள். அவர்கள் பேசிக்கொண்டே போனால் நீ பேசாமல் இரு, மௌனம் தாங்காமல் அவர்களே இறங்கி வருவார்கள். அவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். இவரும் எழுதிக்கொண்டார்.

அடுத்த தேதி வந்தது. குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, போனில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பேசினேன். லெட் மீ சர்க்கிள் பேக் என்றேன்.

"ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம். பட் திஸ் கேனாட் வெயிட். விச் டேட்?" என்றாள். அப்புறம் மௌனம்.

உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. என்னையறியாமல் 'வெரி குட்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் இவர் வெளியே, "என் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை யார் எடுத்தது?" என்று வீடு அதிரக் கத்தினார். பதறிப்போய் போனை அணைத்துவிட்டேன்.

அதே வாரம், வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது மறுபடி அந்த வலி வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. இவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். அவசரத்தில் பாதித் தண்ணீர் என் புடவையில் கொட்டியது. வீட்டுக் கதவைத் திறக்கும்போது சொன்னார்.

"நாளைக்கு ரோல் ப்ளே பரீட்சை முடியட்டும். நாளன்னைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஒண்ணு அவங்க, இல்ல நான்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போனது. அதற்குக் காரணம் கல் இல்லை.

ரோல் ப்ளே என்றால், இரண்டிரண்டு பேராக எழுந்து, தள்ளிப்போன ஒரு நிஜ வேலையைப் பற்றி இங்கிலீஷில் பேசவேண்டும். ஜோடியைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். லிஃப்ட்டுக்கு ஆஸ்பத்திரி விழுந்தது.

வேறு ஜோடி போடலாமே என்று பார்த்தேன். "நோ மேடம். லாட் இஸ் லாட்" என்றார் கூரியர். அவருக்கு அன்றைக்கென்று பார்த்து இங்கிலீஷ் வந்து தொலைத்தது.

இவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தான் வாடிக்கையாளர் என்றும், அவள் ஆஸ்பத்திரி என்றும் அறிவித்தார். எத்தனை நாளாகப் பொத்தி வைத்திருந்தாரோ, எல்லாம் கொட்டியது. "மை வைஃப். ஸ்டோன். நாலு மன்த்... சாரி, ஃபோர் மன்த். எவ்ரி டைம் யுவர் ஹாஸ்பிடல் சேஞ்ச் த டேட். ஒய்? மை வைஃப் இஸ் நாட் பேக் பர்னர்."

இலக்கணத்தில் ஒரு மதிப்பெண்கூடப் போடமுடியாது. நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

அந்தப் பெண் நல்ல மாணவி. முதலில், உங்கள் சிரமம் புரிகிறது என்றாள். எந்த டாக்டர் என்று கேட்டாள். இவர் சொன்னார். அவள் முகம் மாறியது. சார், எங்கள் ஆஸ்பத்திரி ஒருபோதும் தேதியை மாற்றாது என்றாள். அந்த டாக்டரிடம் கல்லுக்காகப் பதிவு செய்த ஒரு பேஷன்ட்தான் மாற்றிக்கொண்டே இருக்கிறார், பெயர் சொல்லக்கூடாது என்று விதி என்றாள். முதல் மாதம் அந்த அம்மாவுக்குப் பேண்ட்வித் இல்லை, இரண்டாவது மாதம் கைநிறைய வேலை, மூன்றாவது மாதம் ரேடாரில் இருந்தது, இப்போது சர்க்கிள் பேக் என்று அடுக்கினாள்.

பாடம் ஒன்பதை இவர் கரைத்துக் குடித்திருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இவர் தலை கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் திரும்பியது. நான் டஸ்டரைத் தட்டினேன். தட்டின டஸ்டரையே மறுபடி தட்டினேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உற்சாகமாகத் தொடர்ந்தாள். கடைசியாகப் பேசும்போது தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதாம். "அண்ட் சம் மேன் ஷவுட்டிங் இன் தமிழ், சார். ஹூ டுக் மை தர்ட்டீன் நம்பர் ஸ்பேனர்."

இவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அந்தப் பெண் இவரைப் பார்த்தாள், இவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். எனக்கு அதுதான் வரும். இவர் கத்தவில்லை.

"ஏம்மா?" என்றார். அவ்வளவுதான்.

யாரும் நாற்காலி என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக மனதில் வந்து நின்றன. ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அத்தனை பேர் முன்னால், என் சொந்த வகுப்பில், தமிழில் சொன்னேன்.

"பயமா இருக்குங்க. மயக்க மருந்து குடுத்துட்டா நான் எழுந்திருக்க மாட்டேனோன்னு பயமா இருக்கு."

"இதை என்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"நீங்களே சாப்பிடாம கெடந்தீங்க. உங்ககிட்ட என்னத்தைச் சொல்ல?"

"எனக்குப் பயம் இல்லாமயா சாப்பிடல?" என்றார். "அறுந்துபோற கயித்துல தொங்கிருக்கேன், அப்பக்கூட இப்படிப் பயந்ததில்ல. நேத்து நீ அந்த மேஜையைப் புடிச்சுக்கிட்டு நின்னப்ப எனக்கு உசுரே போயிடுச்சு. நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன், சொல்லு. ஒரு மெயில் அனுப்ப முடியுமா என்னால?"

பேக்கரி அம்மா மூக்கைச் சிந்தினார். அப்புறம் அவர் பங்குக்குத் தமிழில் ஆரம்பித்தார். அவருடைய நாத்தனாருக்கும் இதே கல்தானாம், காலையில் எடுத்தார்களாம், சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து மருமகளைத் திட்டினாளாம். இன்சூரன்ஸ் தன் மச்சானின் கதையைச் சொன்னார். கூரியர் தன் குடல்வால் தழும்பைக் காட்டச் சட்டையைத் தூக்கப் போனார், வேண்டாம் என்று உட்கார வைத்தோம். வகுப்பு முழுக்கத் தமிழ். ஒரே சந்தைக்கடை.

அந்தப் பெண் மட்டும் எழுந்து என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், வியாழக்கிழமை காலைல ஒரு இடம் இருக்கு. நானே போட்டுடறேன்" என்றாள். கொஞ்சம் தயங்கி, "ஆனா இந்தத் தடவை நீங்க இங்கிலீஷ்ல போன் பண்ணக்கூடாது" என்றாள்.

அவளுக்கு நூற்றுக்கு நூறு போட்டேன்.

வகுப்பு முடிந்தது. எல்லோருமே தமிழ் பேசியிருந்ததால் எல்லோருமே நாற்காலி அடுக்கினார்கள். நானும் ஒன்றைத் தூக்கினேன். இவர் வந்து வாங்கிக்கொண்டார்.

"கனமா எதையும் தூக்காதே. சட்டம் சட்டம்தான், உன் பங்கையும் நானே அடுக்கிடறேன்" என்றார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை கூடவே வந்தார். என் வளையல்களைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "நான் எங்கயும் போகமாட்டேன். இங்கயேதான் இருப்பேன்" என்றார். கதவு மூடும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே மூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். தமிழில் எண்ணினேன். ஐந்து சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தேன். வெளிச்சம், திரைச்சீலை, ஒரு நர்ஸ் முகம். சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். நான் இருந்தேன். இவர் எங்கே என்று கேட்க வாயைத் திறந்தால் தொண்டை காய்ந்து காற்றுதான் வந்தது.

நர்சுக்குப் புரிந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரர்தானே? கொஞ்சம் சொல்லி வைங்கம்மா. வெயிட்டிங் ஹால்ல இருக்கற அத்தனை நாற்காலியையும் சுவரோரம் அடுக்கி வெச்சிட்டார். வர்றவங்களுக்கு உட்கார இடமில்ல" என்றாள்.

பின்னாலேயே இவர் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மணிக்கட்டில் ஏறாத என் வளையல்களை விரல்களில் கோத்து வைத்திருந்தார்.

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?" என்றேன். அதுதான் எனக்கு முதலில் வந்த பேச்சு.

"நீ உள்ள போனதுலேருந்து தமிழ்லயே வேண்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். "அதான்."